தொட்டி இல்லாத படம்

எல்லோரும் அவரை டார்ச் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை குடும்ப அட்டையில்கூட அப்படியே ஏறிவிட்டது. அதைத் திருத்தப் போனபோது, "பழகின பேரு, இருக்கட்டுமே" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். டார்ச் யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

ஒரு சினிமாக் கொட்டகையில் முப்பத்தோரு வருடம், இருட்டில் வருகிறவர்களை அவரவர் இருக்கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. டார்ச் விளக்கைத் தரையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் அடிக்கக் கூடாது, திரையில் படக் கூடாது. படம் தொடங்கிப் பதினைந்து நிமிடம்வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். டிக்கெட்டைப் பார்த்து, வரிசையைக் கண்டுபிடித்து, நீட்டிய கால்களை மடக்கச் சொல்லி உட்காரவைப்பார். அதற்கப்புறம் பின்சுவரோரம் மடக்கு நாற்காலியை விரித்து உட்காருவார். படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி நடந்து, நான்கு பக்கக் கதவுகளின் இரும்புத் தாழ்களையும் வெளியிலிருந்து நெம்பி எடுப்பார். தாழ்கள் துருப்பிடித்தவை. நான்காவது கதவு திறக்கும்போது கூட்டம் வந்து அவர்மேல் மோதும். முப்பத்தோரு வருடத்தில் அவர் ஒரு ஆளைக்கூடத் தப்பான இருக்கையில் உட்காரவைத்ததில்லை. அவருடைய பெருமை அது ஒன்றுதான்.

கொட்டகை முதலாளி பழைய வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டிருந்தார். புதுப் படம் கிடைக்காத வாரங்களில் அவைதான் ஓடும். ஒரு படம் ஒரு வாரம், தினம் இரண்டு காட்சி. நனைந்த தெரு, சாய்த்து வைத்த தொப்பி, ஜன்னல் தட்டியின் நிழல் கோடு கோடாக விழுந்த முகம், அழகாகப் பொய் சொல்லும் பெண். டார்ச் அந்தப் படங்களில் விழுந்துவிட்டார். அவற்றுக்கு 'நிழல் படங்கள்' என்று தானே பெயர் வைத்தார். உலகத்தில் அவற்றுக்கு நுவார் என்று பெயர் என்பதை ரொம்ப நாள் கழித்துத் திரைப்படச் சங்கத்தின் செயலாளர் சொன்னார்.

"அப்படீன்னா?"

"கறுப்புன்னு அர்த்தம் சார்."

"நான் வச்ச பேரே தேவலை" என்றார் டார்ச்.

அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அதுவும் படத்திலிருந்து வந்ததுதான். 'மழைக்கோட்டு' என்றொரு படம். அதன் நாயகன் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்வான், பாதிக் கேள்விகளுக்கு அதுவும் சொல்ல மாட்டான். செத்துப்போன அண்ணனுக்காக ஊரெல்லாம் கொலைகாரனைத் தேடி அலைவான். டார்ச் அவனைப் பார்த்துத்தான் பழுப்பு நிறத்தில் ஒரு மழைக்கோட்டு தைத்துக்கொண்டார். வெயிலிலும் போடுவார். அவர் மனைவி என்ன கேட்டாலும் "ம்" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு கையேடு எழுத உட்கார்ந்தார். 'நிழல் படங்கள்: ரசிகர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரு கையேடு.' நூற்றுப் பன்னிரண்டு படங்கள், ஒன்பது வருட உழைப்பு. சில இடங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. 'ஒரு பெண் சிகரெட்டுக்கு நெருப்பு கேட்டால் அவள் கைப்பையில் தீப்பெட்டி இருக்கிறது என்று அறிக.' 'தொலைபேசி நான்கு முறைக்கு மேல் அடித்தால், எடுக்க வேண்டியவர் தரையில் கிடக்கிறார்.' 'மின்விசிறி மெதுவாகச் சுற்றும் அறையில் உண்மையை எதிர்பார்க்க வேண்டாம்.'

முகப்பில் ஒரு கட்டுரையும் வைத்திருந்தார். நிழல் படங்களின் இலக்கணம் அதில் இருந்தது. இந்தப் படங்களில் செத்தவர் யார், எப்படிச் செத்தார் என்று காட்டுவதே கிடையாது. நாம் பார்க்கும்போது எல்லோரும் ஏற்கெனவே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். படங்கள் முடிவதும் கிடையாது. யாரோ ஒருவன் படிக்கட்டில் பாதி ஏறி நிற்கிறான், அவ்வளவுதான். வாழ்க்கையும் அப்படித்தானே என்று கட்டுரை முடிந்தது.

செயலாளர் அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். தானே முன்வந்து பதினோரு பக்கத்துக்கு முன்னுரை எழுதினார். தொடக்கமின்மை, முடிவின்மை, வெறுமை என்று போகிற முன்னுரை. சங்கத்தின் கூடத்தில் வெளியீட்டு விழாவுக்கு நாளும் குறித்தார். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்து சேர்ந்தபோது விழாவுக்கு இருபது நாள் இருந்தது.

பிழை பார்க்க ஆள் வேண்டும். டார்ச் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பார், மனைவி புரூஃபில் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். அப்படித்தான் நாற்பத்து மூன்றாம் படத்துக்கு வந்தார்கள்.

"'மழைக்கோட்டு. அண்ணன் எப்படி இறந்தான் என்பதைப் படம் சொல்வதில்லை. நாயகன் தனி ஒருவனாகக் கொலைகாரனைத் தேடுகிறான்.' சரியா இருக்கா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. விஷயந்தான் தப்பு."

"என்ன தப்பு?"

"அண்ணனை இவன்தானே தள்ளிவிடுவான்."

"எவன்?"

"உங்க ஆளுதான். மழைக்கோட்டு."

டார்ச் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கேருந்து தள்ளினான்?"

"மொட்டைமாடித் தண்ணித்தொட்டி மேலேருந்து. பேரெல்லாம் ஓடி முடிஞ்சதும் அதுதாங்க மொதல் சீன்."

"அந்தப் படத்துல தண்ணித்தொட்டியே கிடையாது. நான் பதினாலு தடவை பார்த்தவன்."

"நான் ஒரு தடவைதான் பார்த்தேன். ஆனா மொதல்லேருந்து உக்காந்து பார்த்தேன்."

ஊழியர் குடும்பத்துக்குக் காலைக் காட்சி இலவசம். அவள் வாரம் தவறாமல் வந்து, மின்விசிறிக்குக் கீழே ஓர இருக்கையில் உட்காருவாள். அவளை உட்காரவைத்தது டார்ச்தான். உட்காரவைத்துவிட்டு அடுத்த ஆளுக்காகக் கதவுக்குப் போயிருப்பார். பெயர் ஓடும்போது தான் எங்கே இருந்தோம் என்று டார்ச் அப்போதுதான் முதன்முதலாக யோசித்தார். ஜி வரிசையில் யாருடைய காலையோ மடக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பதினான்கு தடவையும்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டீங்களா? அந்தக் கோட்டு தைச்சுட்டு வந்தப்பவே சொல்ல வாயெடுத்தேன். 'ம்'னு சொல்லிட்டு வெளியே போயிட்டீங்க."

"கொலைகாரன் கோட்டை மாட்டிக்கிட்டுத் திரியறேன்னு தெரிஞ்சும்..."

"யாரோடதா இருந்தா என்ன, உங்களுக்கு எடுப்பாத்தானே இருந்துச்சு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, டாக்டரிடம் கேட்பதுபோலக் கேட்டார். "அப்ப, முடிவு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? இடைவேளையில நான் கிளம்பிடுவேனே. பையன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துலேருந்து வந்துருவான்ல?"

வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றால், அதற்கும் வழி இருந்ததில்லை. 'முடிவைப் பிறரிடம் சொல்லாதீர்கள்' என்று கொட்டகை வாசலில் பலகை தொங்கியது. வெளியே வருகிறவர்கள் முடிவைப் பேசினால் அதட்டி வாயை மூடவைப்பதும் டார்ச்சின் வேலைதான். அதைத் திறமையாகச் செய்திருந்தார்.

முடிவுகளைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். கொட்டகையில் சோடா விற்றவர். படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டியோடு உள்ளே வருவார். கூட்டம் எழுந்தால் காலி பாட்டிலையெல்லாம் உதைத்து உடைத்துவிடும், அதற்குள் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டும். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடை பழுது பார்க்கிறார். பெயர் இன்னும் சோடாதான்.

"அந்த அழுவாச்சிப் படங்களா?" என்றார் சோடா, குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டே.

"அழுவாச்சியா? எல்லாம் துப்பறியற படம்பா."

"எனக்கென்னண்ணே தெரியும். நான் உள்ள வரும்போதெல்லாம் ஒருத்தன் செத்துக்கிட்டிருப்பான், ஒருத்தி அழுதுக்கிட்டிருப்பா. ஏண்டா சாகறேன்னு விசாரிக்கவா முடியும்? நான் பாட்டில் பொறுக்குவேன்."

"'மழைக்கோட்டு' ஞாபகம் இருக்கா?"

"கோட்டு போட்டவனா? தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னு, நான்தான் நான்தான்னு கத்துவானே. கீழே போலீசு. மழை வேற. எனக்கு எட்டு பாட்டில் கிடைக்காமப் போச்சு அன்னிக்கு, அவனையே பார்த்துட்டு நின்னுட்டேன்."

டார்ச் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல வெயில்.

ஒன்பது வருடம் எழுதிய புத்தகம் இப்போது அவர் முன்னால் இருந்தது, தலையும் காலும் இல்லாமல். திருத்தினால் கட்டுரை போய்விடும், முன்னுரை போய்விடும், விழாவும் போகலாம். திருத்தாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் படங்களைப் பார்த்த ஆட்கள் ஊரில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் செயலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

செயலாளர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. உங்க தப்பு அந்தப் படங்களை விடப் பெருசு."

"தப்பு தப்புத்தானே சார்?"

"கலையில தப்புன்னு ஒண்ணு கிடையாது."

"ஜி வரிசை டிக்கெட்டை வச்சுக்கிட்டு எச் வரிசையில உக்காந்தா அது தப்பு. நீங்க 'மழைக்கோட்டு' பார்த்திருக்கீங்களா?"

செயலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன்."

டார்ச்சுக்கு அந்த இடத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. அட்டையில் 'புதியவர்களுக்கும்' என்று அச்சாகியிருந்தது. புதியவர்கள் என்றால் இருட்டில் கையில் டிக்கெட்டோடு நிற்கிறவர்கள். அவர்களைக் கொண்டுபோய்த் தப்பான இடத்தில் உட்காரவைக்க அவரால் முடியாது.

மறுநாள் காலையிலிருந்து சோடா வீட்டுக்கு வந்துபோனார். சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மனைவி தொடக்கம் சொல்வாள், டார்ச் நடுவை வாசிப்பார், சோடா முடிவைச் சொல்வார். ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு படமும் வேறாக இருந்தது. டார்ச் கடைசிவரை நம்பிய ஒரு விதவைக்குக் கணவன் சாகவே இல்லை. அவர் திருடன் என்று எழுதியிருந்தவன் அந்த வீட்டுக்காரன், சாவியைத் தொலைத்துவிட்டவன்.

"அண்ணி, அந்த நொண்டிக்காரன் மொதல்லேயே நொண்டியா?"

"இல்லையே, நல்லா ஓடுவான்."

"அப்பச் சரி. கடைசியில நல்லா ஓடறான். நடுவுலதான் நடிச்சிருக்கான்."

"பதினாலு தடவை அவனுக்காகப் பாவப்பட்டேன்" என்றார் டார்ச்.

"உங்க ஒருத்தரை ஏமாத்தத்தான் அத்தனை பேரும் நடிச்சிருக்காங்க போல" என்றாள் மனைவி. சோடா சிரித்ததில் டீ சிந்தி, அறுபத்தேழாம் படத்தின் புரூஃப் நனைந்தது.

பதினோரு நாளில் நூற்று நான்கு படங்கள் தேறின. எட்டுப் படங்களின்போது சோடாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. அவற்றின் கீழே 'முடிவு தெரியவில்லை, தெரிந்தவர்கள் எழுதலாம்' என்று மட்டும் போட்டார்கள். அச்சகக்காரர், பக்க எண்ணெல்லாம் மாறுகிறதே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். வாசிக்க ஆரம்பித்தவர் 'மழைக்கோட்டு' வந்ததும் சத்தம் போடாமல் வேலையைத் தொடங்கினார். இலக்கணக் கட்டுரையை டார்ச் தன் கையாலேயே கிழித்தார். அட்டையில் பெயர்கள் மூன்றாயின. மனைவி பெயர் முதலில் வந்தது. தொடக்கம் தன்னுடையது என்று அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

செயலாளர் முன்னுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அதை ஒரு ஓவியரைப் பற்றிய கட்டுரையாகத் தன் சிற்றிதழில் வெளியிட்டார். பெயரைத் தவிர ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் கூடம் பதிவாகிவிட்டதால் விழா நடந்தது, அவரே தலைமை தாங்கினார்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் தாமதம். மேடையில் மட்டும்தான் விளக்கு எரிந்தது. பின்கதவு திறந்து ஒவ்வொருவராகத் தடுமாறி நின்றபோது, முன்வரிசையில் இருந்த டார்ச்சின் கால்கள் தாமாக எழுந்தன. மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காருங்க."

"அவங்களுக்கு இடம் தெரியலை பாரு."

"இருக்கற இடத்துல உக்காருவாங்க. உங்க படம் ஆரம்பிச்சாச்சு."

அவர் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை ஆரம்பத்திலிருந்து பார்த்தார். செயலாளர் வரவேற்றார், வாழ்த்தினார், வந்திருந்தவர்களின் பெயரைச் சொன்னார், வராதவர்களின் பெயரையும் சொன்னார். இருபது நிமிடம் ஆயிற்று. டார்ச் மனைவி பக்கம் சாய்ந்தார்.

"எல்லா ஆரம்பமும் இப்படித்தான் இருக்குமா?"

"இல்லைங்க. சிலதுல தொட்டியிலேருந்து தள்ளுவாங்க."

சோடா பேசினார். தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், 'மழைக்கோட்டு' முடிவை நடித்தே காட்டினார். நாற்காலிமேல் ஏறி நின்று "நான்தான், நான்தான்" என்று கத்தியபோது கூடம் கைதட்டியது. நன்றியுரை தொடங்கியது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது டார்ச்சின் முழங்கால் துடித்தது. அதன்மேல் மடித்து வைத்திருந்த கோட்டை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கடைசி வணக்கம், கடைசிக் கைதட்டல், விசிறி நின்றது, விளக்குகள் எரிந்தன. ஒன்றையும் விடாமல் பார்த்தார்.

கூட்டம் கொட்டகைப் பழக்கத்தில் எழுந்து பக்கக் கதவுக்குப் போய் நின்றது. கதவு திறக்கவில்லை. வெளியே தாழ் போட்டிருந்தது. முன்னால் இருந்தவர் தள்ளிப் பார்த்தார், பின்னால் இருந்தவர் அவரைத் தள்ளிப் பார்த்தார். பிறகு நாற்பது பேரும் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி டார்ச்சைப் பார்த்தார்கள்.

அவர் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"முடிவு நல்லா இருந்துச்சு" என்றார்.

"ம்" என்றாள் மனைவி. "போய்த் திறந்துவிடுங்க, பாவம்."