வெள்ளிக்கிழமைப் பிரியாணி

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சிப் பிரியாணி தின்றதற்காக என் அண்ணனின் படிப்பே நின்றுபோக இருந்தது. அதுவும் ஈஸ்டருக்கு முந்திய தபசு கால வெள்ளி. காட்டிக்கொடுத்தது நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் எனக்கு இருந்த பக்தி பின்னர் எப்போதும் இருந்ததில்லை.

அண்ணன் திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். தலைமன்னாரில் கப்பலேறினால் அடுத்த நாள் போய்ச் சேரலாம் என்றாலும், கடலுக்கு இக்கரையில், பள்ளிமுனையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அது வெளிநாடுதான். அவருடைய கடிதங்களை வாசிக்கும் பதவி என்னுடையது. அம்மாவுக்குச் செபப்புத்தகத்தின் அச்செழுத்து ஓடும், கையெழுத்து ஓடாது. அப்பா கடலுக்குப் போகிறவர். உறையில் ஒட்டிய முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்துவிடுவார்.

அன்று பெரியம்மாவும் வந்திருந்தார். ஆள் கூடினால் எனக்குக் குரல் தானாக உயரும். கதிரையில் ஏறி நின்று வாசித்தேன். கல்லூரிக்கு ஒரு கிழமை விடுமுறையாம். மற்றப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்களாம், விடுதிக் குசினியும் பூட்டாம். அப்பா அனுப்பிய காசு இன்னும் வந்து சேரவில்லையாம், ஆனால் அவசரமில்லையாம். அதனால் அண்ணன் ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டார். திங்கள் மலைக்கோட்டை, இறங்கி வந்ததும் நெய்த்தோசை. செவ்வாய் ஸ்ரீரங்கத்துக் கோபுரம், பிறகு பூரியும் கிழங்கும். புதன் கல்லணை, அங்கே ஆற்றுமீன் பொரியல். வியாழன் முட்டைப் பரோட்டா. வாசிக்க வாசிக்க எனக்கு வாயூறியது, கூடவே வயிறும் எரிந்தது. எங்கள் குசினியில் அன்றும் திருக்கைக் குழம்புதான்.

வெள்ளிக்கு வந்தேன். 'மத்தியானம் பெரிய ஓட்டலில் ஆட்டிறைச்சிப் பிரியாணி' என்று இருந்தது. கண்ணுக்கு முதலில் பட்டுவிட்டது. பேசாமல் சனிக்குத் தாவியிருக்கலாம். நான் தாவவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மறைக்கல்வி வகுப்பில் ஒப்புவிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், இறைச்சி தொடக்கூடாது. வருடம் முழுக்க மீன் தின்னுகிற வீட்டுக்கு இது ஒரு பெரிய தியாகமில்லை. ஆனாலும் அதைத்தான் நாங்கள் ஏதோ மலையைத் தூக்குவதுபோல அனுசரித்து வந்தோம். பெரியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா எழுந்துவிட்டார்.

"படிக்க அனுப்பினா, தபசு கால வெள்ளியெண்டும் பாராமல் இறைச்சி திண்டுகொண்டு திரியிறான். படிச்சது காணும். வாற கப்பலிலை வரச்சொல்லி எழுது, பிள்ளை."

அம்மா மட்டும் அசையவில்லை. "அவன் தின்னேல்லை" என்றார்.

"எழுதிக் கிடக்குதெல்லோ!" என்றார் அப்பா.

"எழுதினான்தான். பிரியாணிக் கோப்பையைக் கண்ணாலை கண்டிருந்தா அவனுக்கு வெள்ளி ஞாபகம் வந்திருக்கும்." பிறகு என்னிடம் திரும்பி, "காசைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான்? குசினியைப் பற்றி? அதைத் திருப்பி வாசி, பிள்ளை" என்றார்.

வாசித்தேன். அப்பா தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். வரச்சொல்லி எழுதும்படி அவர் மறுபடி சொல்லவேயில்லை. பிள்ளைப்பாசம் நீதியை வென்றுவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அநியாயம். அம்மா இரண்டு நாள் அடுப்படியை விட்டு வரவில்லை. அரிசிமா வறுத்தார், பயற்றம் உருண்டை பிடித்தார், கட்டாக் கருவாட்டை முறுகப் பொரித்தார். ஒன்றைக்கூட என் கையில் வைக்கவில்லை. எல்லாம் பெரிய பிஸ்கற் தகரத்துக்குள் போயின. ஒரு ஆளுக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்குக் காணும். அதிகம் சத்தம் போட்ட அப்பாவே அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாருக்குப் போய், கப்பலேறும் ஒரு தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வெள்ளி தவறாமல் சுத்தபோசனம் காத்த எனக்குத் திருக்கைக் குழம்பு, பிரியாணி தின்றவருக்குப் பயற்றம் உருண்டை. நான் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை.

அண்ணனின் பதில் வந்தது. இந்த முறை மலையுமில்லை, கோபுரமுமில்லை. சின்னக் கடிதம். 'தகரம் கிடைத்தது, அம்மா. இரண்டு நாளில் முடிந்துவிட்டது.'

எனக்கு இதுவே போதும். "பாத்தீங்களோ! இது போசனப்பிரியம். தலையான பாவங்களிலை ஒண்டு" என்று கதிரையில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, "எந்த வரி, பிள்ளை?" என்று கேட்டார். காட்டினேன். வாசிக்க வராத அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அண்ணனின் குற்றம் அம்மாவுக்கு ஒருவழியாக விளங்கிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோசம். இனி மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று, பென்சிலை எடுத்துவந்து அந்த வரியின் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.