நூற்றிப்பத்து

டென்மார்க்கில் எங்கட ஆட்களின் பிள்ளைகளை இங்கே கூப்பிட அனுமதி கொடுக்காமல் இழுத்தடித்த காலம் அது. நானும் அவரும் இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்தோம். மகள் யாழ்ப்பாணத்தில் மச்சாளோடு. தையல் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, அவளுக்கென்று குரோஷே ஊசியால் ஒரு வெள்ளைச் சட்டை பின்னி வைத்திருந்தேன். இரண்டாவது வருடமும் விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. அந்த ஆத்திரத்தில் சட்டையைப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த சந்தைக்கு விற்கக் கொண்டுபோனேன். ஒரு கடதாசித் துண்டில் 110 என்று விலை எழுதிக் குத்தினேன்.

ஒரு டெனிஷ்காரி சட்டையை விரித்துப் பார்த்தாள். "இது நூற்றிப்பத்து இல்லையே. தொண்ணூற்றிரண்டுதான்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு குரோனும் குறைக்க மாட்டன்!"

அவள் திகைத்துப்போய்ப் பிறகு சிரித்தாள். இங்கே பிள்ளைகளின் உடுப்பை உயரம் பார்த்துத்தான் வாங்குவார்களாம். நான் எழுதிய விலையை அவள் சென்டிமீட்டர் என்று நினைத்திருக்கிறாள். முழுக்காசையும் எண்ணித் தந்துவிட்டு, "உனக்கும் பிள்ளை இருக்கா? என்ன உயரம்?" என்று கேட்டாள்.

என் கை தானாக இடுப்பளவில் போய் நின்றது. அது நான் மகளை விட்டுவிட்டு வந்த நாளில் அவளின் உயரம்.

அந்தக் காசை என்ன செய்தேன் என்று நினைவில்லை. மச்சாளுக்கு எழுதினேன்: "பிள்ளையை ஒரு நூலால் அளந்து அனுப்புங்கோ." கடிதத்துக்குள் நூல் வந்தது. சுவரில் பிடித்துப் பார்த்தேன். என் கை நின்ற இடத்துக்கு மேலே ஒரு சாண் போனது.

பிறகு மகள் வந்து சேர்ந்தாள். இன்று அவளுக்கும் பிள்ளைகள். அந்த ஒரு சாண் அவள் வளர்ந்ததை மட்டும் நான் காணவேயில்லை.