பெரியப்பாவின் முதுகில் மூன்று தட்டு

மலாயாவில், செனாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என்னை வளர்த்தவர் அப்பாவின் அண்ணன். பெரியப்பா பஸ்ராவில் முதல் உலகச் சண்டையின்போது பீரங்கி இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டியவர். அந்தப் பீரங்கிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் கத்தினால் கொஞ்சம் ஏறும். சண்டை முடிந்து எங்களிடம் வந்தவருக்கு இந்தியாவில், பிறந்த ஊரில் ஒரு நாதியும் கிடையாது. நாங்கள்தான் எல்லாம்.

ரப்பர் விலை மண்ணாய்ப் போன வருஷம், கிழடுகளையும் முடியாதவர்களையும் பொறுக்கி ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றினார்கள். செவிடர் என்று தெரிந்தால் அன்றைக்கே பெயர் எழுதிவிடுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போதெல்லாம் நான் பெரியப்பாவுக்குப் பின்னால் நின்று முதுகில் தட்டுவேன். அவர், "இருக்கேங்க!" என்று களமே அதிரச் சொல்வார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் துரையே ஆள் பார்க்க வருகிறார் என்றார்கள். முந்தின நாள் மேல் டிவிசனில் மூன்று கேள்விதான் கேட்டாராம். பேர் என்ன, வயசு என்ன, வேலை செய்ய முடியுமா. நான் பெரியப்பாவைப் பழக்கினேன். ஒரு தட்டுக்குப் பேர், இரண்டுக்கு வயசு, மூன்றுக்கு "ஆமாங்க தொர". துரை வாயை மூடிய பிறகுதான் பதில்.

"ஏம்மா, கழுத ஓட்டுன என்னயே கழுதயா ஆக்கிட்டியே!" என்று சிரித்தார். நான் மறுபடி முதலிலிருந்து தட்டிப் பழக்கினேன்.

விடிந்ததும் வரிசையில் நின்றோம். துரை வந்தார். பேர் சரியாக வந்தது. வயசும் வந்தது, பத்து குறைத்துத்தான். அப்பாடா என்றிருந்தது. என் அவசரப் புத்தி இருக்கிறதே, அதைச் செருப்பால் அடிக்க வேண்டும். துரை அடுத்து வாயைத் திறக்கும்போதே மூன்று தட்டும் தட்டிவிட்டேன்.

"ஊருக்குப் போக ஆசையா?" என்று கேட்டார் துரை.

பெரியப்பா அவர் உதடு மூடும்வரை காத்திருந்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஆமாங்க தொர!" என்றார்.

துரை சிரித்தார். தானாக ஒருவன் கேட்டுப் போகிறானே என்ற நிம்மதி. கணக்கெழுதும் கிராணி கப்பல் பட்டியலில் பெயரை எழுத ஆரம்பித்தார்.

"இல்லங்க தொர! அவரு போகமாட்டாரு!" என்று கத்தினேன்.

"ஒன்னையா கேட்டாரு?" என்று கங்காணி பாய்ந்தார். "கெழவன் வாயத் தொறந்து சொல்லிட்டான்ல? தள்ளி நில்லு!"

அவருக்குக் காது கேக்காதுங்க என்பது தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொன்னாலும் கப்பல்தான். விழுங்கினேன். பாவி, நான்தான் தட்டினேன். துரை அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எங்கள் கூலிக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா வீறாப்பாக நடந்தார்.

"தொர சிரிச்சாரு பாத்தியாம்மா? சண்டையில இருந்த ஆளுன்னு கண்டுபிடிச்சிருப்பாரு. இனிமே நம்மள அசைக்க முடியாது. கடைசியா என்னா கேட்டாரு?"

லயத்து வாசலில் நிறுத்தி, இடது காதோடு வாயை வைத்துச் சொன்னேன். ஏறவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

பெரியப்பா மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டே, "என்னாம்மா?" என்றார்.