ஒன்பதாவது கூடை

செப்டம்பர் கடைசி ஞாயிறு, பகல் 1.40. பிளாட் புஷ்ஷில் மகள் வீட்டிலிருந்து கோல்ஃப் மைதானத்துக்கு வாடகைக் காரில் பதினான்கு கிலோமீட்டர், 34 டாலர். சென்ற ஆண்டு வரை இந்தச் செலவு கிடையாது. நண்பர் சிவநேசன் ஓட்டுவார். இப்போது அவருடைய வலது கை நடுங்குகிறது. ஓட்டுநர் உரிமத்தை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். யாரும் கேட்பதற்கு முன்பே ஒன்றை ஒப்படைப்பவரை, வருவாய்த் துறையில் இருந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் கண்டதில்லை.

சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். இந்தத் தென்கோள நாட்டில் குளிர்காலம் செப்டம்பரோடுதான் முடியும்; மகளைப் பார்க்க நான் வரும் ஒவ்வொரு குளிர்காலமும் இருவரும் தட்டு எறியப் போவோம். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. கூடைக்குள் விழும்வரை எறிய வேண்டும். மழையில் தரை ஊறி, பந்தடிப்பவர்கள் குறையும் மாதங்களில் மட்டும் ஆளுக்குப் பதினைந்து டாலர் வாங்கிக்கொண்டு எங்களையும் உள்ளே விடுவார்கள். வெயில் வந்ததும் ஒன்பது கூடைகளையும் பிடுங்கிக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள்.

பிடுங்கும் நாள் இன்று. "மாலை 4 மணிக்குக் கூடைகள் அகற்றப்படும்" என்று வாசலில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே நிரந்தரப் பலகை: பந்து ஆடுபவர்களுக்கே முன்னுரிமை, தட்டு எறிபவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

"தாசில்தார், ஒண்டு சொல்லுறன்" என்றார் சிவநேசன். "அடுத்த வருஷம் இந்தக் கை தட்டைப் பிடிக்காது. டொக்டரும் அப்பிடித்தான் கதைக்கிறார். இண்டைக்கு ஒன்பதையும் முடிச்சுப்போட்டுத்தான் வீட்டை போறது."

"முடிச்சிரலாம் சிவா. ரெண்டு மணி நேரம் இருக்கு, தாராளம்."

முதல் கூடைக்கு அவருக்கு ஏழு எறிகள். ஒவ்வொரு முறையும் தட்டு கையை விட்டுப் போகும் கணத்தில் ஒரு நடுக்கம் கூடவே போய், அதை இடப்பக்கம் சாய்த்தது. சேற்றில் மேய்ந்த நீலநிறப் புகேகோ பறவைகள் அவருக்காக நகர்ந்துகொடுத்தன. சங்கிலி கலகலத்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். எறிகளைக் குறிக்கும் அட்டையில் 7 என்று எழுதினேன்.

2.35. மூன்றாவது கூடையருகே நான்கு பேர் பந்துகளோடு வந்தார்கள். வழிவிட்டோம். 3.05க்கு இன்னும் இருவர். வழிவிட்டோம்.

3.30. ஏழாவதில் நரைத்த தம்பதி ஒன்று எங்களை எட்டியது. அந்தப் பெண்மணி எங்களைப் பார்த்துக் கைகாட்டி, "நீங்கள் ஆடுங்கள், எங்களுக்கு அவசரமில்லை" என்றார். பலகையில் இருப்பதை ஆங்கிலத்தில் வரி பிசகாமல் ஒப்பித்து, ஒதுங்கி நின்றேன்.

"அவையே போகச் சொல்லுகினம். நீர் ஏன் காணும் மறிக்கிறீர்?"

"போர்டுல எழுதியிருக்கு சிவா. அவங்க சொன்னா மாறிடுமா?"

"நல்ல காலம், நீர் விசா ஒஃபிசில இருக்கேல்லை. நான் இப்பவும் கொழும்பில லைனில நிண்டிருப்பன்."

சிரித்தேன். தம்பதி நிதானமாக ஆடினார்கள். மணி பார்த்துக்கொண்டே நின்றேன், ஆனால் ஒதுங்கியே நின்றேன்.

4.12. எட்டையும் முடித்து ஒன்பதாவதுக்கு வந்திருந்தோம். சிறு டிராக்டர் ஒன்று கொட்டகையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்தொட்டியில் படுத்துக் கிடந்த கடைசிக் கூடையின் சங்கிலிச் சத்தம் எங்கள் வரை கேட்டது. இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினேன். ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, அன்போடு பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் நாலு மணி என்றால் ஐந்தரை. இங்கே நாலு என்றால் நாலுதான். இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

கம்பம் இருந்த துளையைப் பச்சை மூடியால் மூடியிருந்தார்கள். சிவநேசன் தட்டை எடுத்தார். ஒன்பதாவதின் தொடக்கத்திலிருந்தே எறிந்துகொண்டு வந்தார், கூடை இருப்பது போலவே. பத்தடி தூரத்தில் நின்று, இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆறாவது முறை எறிந்தார். தட்டு புல்லில் வழுக்கி, மூடிக்கு இரண்டடி தள்ளி நின்றது.

"விழுந்துதோ?"

"விழுந்துருச்சு" என்றேன். அட்டையில் கடைசிக் கட்டத்தில் 6 என்று எழுதினேன். என் கையால் எழுதிய முதல் பொய்ப் பதிவு அது.

அவர் வந்து அட்டையைப் பார்த்தார். பென்சிலை வாங்கினார்.

"கூடை இல்லாமல் எப்பிடிக் காணும் விழும்?" 6ஐ வெட்டினார். கோடு கட்டத்தைத் தாண்டி வளைந்தது. "வெட்டின இடத்தில ஒப்பம் வைக்கோணும், என்ன? உம்மட சட்டம்தானே."

அட்டையை என் உள்ளங்கையில் வைத்து எழுதத் தொடங்கினார். நடுக்கம் அட்டை வழியாக என் கைக்கு வந்தது.

எங்களுக்குப் பின்னால் மூன்று பேர் பந்துகளோடு வந்து நின்றார்கள். ஒருவர் கையை உயர்த்தினார்: போகலாமா? பலகைப்படி நாங்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். நாளை மறுநாள் எனக்கு விமானம்; அடுத்த குளிர்காலம் நான் வந்தாலும் இந்த வழியில் தனியாகத்தான் நடக்க வேண்டும். மறு கையைத் தூக்கி, நில்லுங்கள் என்று காட்டினேன்.

அவர்கள் நின்றார்கள். 'சி' முடிந்திருந்தது. பென்சில் மெல்ல அடுத்த எழுத்துக்குப் போனது.