வெள்ளிக்கிழமை வாளி

முப்பது வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தேன். அடுத்தவர் பீயும் சீழும் வாந்தியும் அள்ளி அள்ளி, சோற்றில் கை வைத்தாலும் அந்த வாடைதான் வரும். பென்ஷன் வாங்கிய அன்றே, இனி செத்தாலும் ஒருத்தர் அசிங்கத்தைத் தொடமாட்டேன் என்று மகனிடம் சொன்னேன். "அப்ப கோயிலுக்குப் போங்கம்மா, புண்ணியம்லா" என்றான். எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் கிடையாது. அந்த வார்டில் கிடந்தவர்களைப் பார்த்தபின் எப்படி வரும்? ஆனாலும் பொழுது போகவேண்டுமே.

தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தச் சின்ன அம்மன் கோயில். அங்கே வந்த பொம்பளைகளைப் பார்த்தால் ஆஸ்பத்திரியே தேவலாம் போலிருந்தது. கும்பிடும்போதே ஒரு கண் பக்கத்துக்காரி கழுத்துச் சங்கிலி மேல் இருக்கும். அன்னதானத்தில் கேட்டுக் கேட்டு வாங்கி, பாதியை இலையோடு மூடி வைப்பார்கள். ச்சீ!

ஒரு வெள்ளிக்கிழமை பூசை நடுவே, எப்போதும் தூணோரம் உட்காரும் கிழவிக்கு வயிறு போய்விட்டது. சித்தாள் வேலை பார்த்து ஓய்ந்து, யாருமில்லாமல் ஒரு கடைக்கு மேலே மாடி அறையில் இருந்தவள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஐயர் மணியைக் கீழே வைத்துவிட்டார். கமிட்டித் தலைவர், "இவங்கள யாரு உள்ள விட்டது? இனிமே வரக்கூடாது, சொல்லிட்டேன்!" என்று கத்தினார்.

"வேற எங்கப்பா போவேன்? எனக்கு இவ மட்டுந்தானே" என்று அம்மனைக் காட்டி அழுதாள் கிழவி.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாற்றம் பழகியதுதான், அந்தப் பட்டுச்சேலைக் கூட்டத்தைத்தான் சகிக்க முடியவில்லை. வாளியும் பினாயிலும் கேட்டு வாங்கி, திட்டிக்கொண்டே துடைத்தேன். அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டேன்.

"தங்கச்சி, உனக்கு அருவருப்பா இல்லையா?"

"இருக்குக்கா. பேசாம நில்லுங்க."

தலைவரிடம் போய், அடுத்த வெள்ளி நானே கூட்டிவருவேன் என்றேன். "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வாசப்படி மிதிக்க விடமாட்டேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவள் மாடிக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருந்தது. வெள்ளியன்று வாளியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதிப் பூசையில் என் கையை இறுக்கிப் பிடித்தாள், முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பிடிக்கு என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரி ஆயாவுக்குத் தெரியாதா? தலைவர் எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவையாக மனசாரக் கும்பிட்டேன். "தாயே, தீபாராதனை முடியறவரைக்கும் இவ வயித்தைக் கட்டி வை. உன்னை நம்பித்தான் வந்திருக்கா."

தீபாராதனை முடிந்தது. திருநீறு பூசிக்கொண்டு, தலைவரைத் தாண்டி, சந்து முனைச் சாக்கடைவரை வந்தோம். அங்கேதான் அவளுக்கு வயிறு போனது. "அட கருமமே, வீடு போறவரைக்கும் பொறுக்கக் கூடாதாக்கா?" என்று திட்டிக்கொண்டே முந்தானையைச் செருகிக் குனிந்தேன். குனிந்தபடியே கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன்.