கப்பலுக்கு முன் ஓர் ஒத்திகை

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குக் கப்பலில் போய், அங்கே தீம் பார்க்கில் ரோலர் கோஸ்டர் ஏறுவதென்று திட்டம். "கப்பல்ல நீங்க எல்லாரும் வாந்திதான்" என்று தினமும் கிண்டலடித்தார் என் கணவர். எஸ்டேட்டில் தேயிலை லோரி ஓட்டுகிறவர். அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் மலைவளைவுகளில் தனக்கு ஒருநாளும் தலை சுற்றியதில்லை என்ற பீற்றல் வேறு. ஸ்டேரிங் பிடித்திருப்பவருக்குக் குமட்டாது என்பது எனக்குத் தெரியும்.

"ஒத்திகை பாத்துருவோம்லா. நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி ஒக்காருங்க" என்றேன்.

மலைமேலிருக்கும் எங்கள் ஊர் தானா ராத்தாவிலிருந்து வேனை இறக்கினேன். பாதி வழியில், பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்க, பின்சீட்டிலிருந்து ஒரு பெரிய கை நீண்டு பிளாஸ்டிக் பை கேட்டது.

மறுநாள் டிக்கெட் போட உட்கார்ந்தபோது மெல்லக் கேட்டார்: "கப்பல் ஓட்டுறவர் பக்கத்துல சீட்டு கெடைக்குமா?"