இருமக்கூடாத நாள்

கன்னடச் சீமையில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைனில் இருமலை அடக்கத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. சுரங்கத்தில் நெஞ்சைப் பரிசோதிக்கும்போது இருமினால் 'அன்ஃபிட்' ஆக்கிவிடுவார்கள், வேலை போய்விடும் என்று பயம். அதனால் மூச்சைப் பாதியில் நிறுத்தி, எச்சிலை விழுங்கி, கண்ணில் நீர் கட்டினாலும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இதில் பெரிய கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தாலேயே இன்னும் சில வருஷம் கூடுதலாகப் பாறைத்தூசியை விழுங்கினார். கடைசியில் அடக்க முடியாத ஒரு நாள் வந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கதி என்று இருந்தது ஊரிகத்தில் ஒரு தர்ம டிஸ்பென்சரிதான். ஒரு வயதான டாக்டர், ஒரு டாக்டரம்மா. மிக்சர் மருந்துக்கு நாமே பாட்டில் கொண்டுபோக வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசிகள் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரருக்கு மூச்சு அடைத்தால் டாக்டரம்மா நரம்பில் மெதுவாக மருந்தை ஏற்றுவார். தூக்கியிருந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தோள் இறங்கும்போதுதான் எனக்கும் மூச்சு வரும். பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறும் நிலையில் அவர் என்றைக்கும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், அந்த டிஸ்பென்சரியைப் பற்றி எவனோ மேலே எழுதிப் போட்டுவிட்டான். சுத்தம் இல்லை, ஊசியைச் சரியாகக் கொதிக்க வைப்பதில்லை என்று. ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அவர் சொல்வதை வைத்துத்தான் டிஸ்பென்சரி நடக்குமா என்பது தெரியும் என்று செய்தி வந்தது. எங்கள் லைன் ஆண்களுக்கு இன்ஸ்பெக்ஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் கை கால் பரபரத்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் சுண்ணாம்பும் மட்டையுமாகக் கிளம்பினார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பெஞ்சைத் தேய்த்துக் கழுவினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல் என் வீட்டுக்காரர் போய்ச் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டு மேஸ்திரி எல்லா வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு இருமல்காரங்க யாரும் அங்க வராதீங்க. நோவு ஜாஸ்தியா கீறவங்களைப் பாத்தா, இங்க இன்னா வைத்தியம் நடக்குதுன்னு கேப்பாரு. டாக்டரம்மாவுக்குத்தான் கெட்ட பேரு."

"ஆஸ்பத்திரிக்கு நோயாளி வராம வேற யாருணா வருவாங்க? பொண்ணு பாக்கறவங்களா?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாது தங்கச்சி. இன்ஸ்பெக்ஷன்னா அப்படித்தான்" என்றார். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டரம்மாவிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு நல்ல பேர் வாங்கித் தரப் போகிறார்களாம்.

மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்காரருக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. சுண்ணாம்புத் தூள் வேலையைக் காட்டிவிட்டது. எவன் என்ன சொன்னால் எனக்கென்ன என்று அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு நடத்திக் கூட்டிப்போனேன். வாசலில் ஜீப் நின்றிருந்தது. மேஸ்திரி குறுக்கே வந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ தங்கச்சி. உள்ளதான் கீறாரு."

அவரைத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரரே என் பிடியை விட்டுப் பின்பக்கம் போய், ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டார். துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கும் பரிதாபத்துக்கும் அளவே இல்லை.

உள்ளே அதிகாரி கன்னடத்தில் பேசுவது தெளிவாகக் கேட்டது. சுத்தம் திருப்தியாக இருக்கிறது, ஊசிகளும் சரியாகவே இருக்கின்றன என்றார். என் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்து, பெஞ்சில் நாலே பேர் இருப்பதைப் பார்த்து, "நோயாளிகள் எங்கே?" என்றார்.

"தினமும் நிற்கவே இடம் இருக்காது சார். இன்றைக்கு ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"இந்த நாலு பேருக்கு இரண்டு டாக்டர் எதற்கு?"

குனிந்து என் வீட்டுக்காரர் வாயிலிருந்த துண்டைப் பிடுங்கினேன். அடக்கி வைத்திருந்த இருமல் மொத்தமும் வெளியே வந்தது. அதிகாரி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"யார் இவர்?"

"ஒண்ணுமில்ல சார். டீ குடிக்கறப்போ பொறை ஏறிச்சு" என்று மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"பொய் சார். இவருக்கு மூச்சு வாங்குது. இவரை மாதிரி லைன் பூரா கீறாங்க சார். இன்னைக்கு வரக்கூடாதுன்னு ஊட்டுல குந்த வச்சிட்டாங்க" என்றேன்.

அதிகாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். நெஞ்சுப் பரிசோதனைக்கு நிற்பவரைப் போலக் கைகளைப் பக்கவாட்டில் வைத்து நேராக நின்றார். மூச்சை எங்கே நிறுத்தினாரோ, "பொறைதான் சார்" என்று திருத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு செருமல்கூட இல்லை.

அதிகாரி அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்பியதும் என் வீட்டுக்காரர் அப்படியே சரிந்தார். டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்து அவருக்கு ஊசி போட்டார். "ஏம்மா எல்லாரும் சேர்ந்து இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

உத்தரவு வந்தது. சுத்தத்துக்குப் பாராட்டு. இனிமேல் ஒரு டாக்டர் போதும், அவரும் வாரத்தில் வியாழக்கிழமை மட்டும் வந்தால் போதும். டாக்டரம்மாவை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இருமல்காரர்கள் எல்லாரையும் திரட்டிக் கொண்டுவந்து காட்டுகிறோம் என்று லைன் ஆண்கள் கிளம்பினார்கள். பார்க்கத்தான் இன்னொரு முறை யாரும் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கடைசியாக மூச்சு அடைத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மேஸ்திரி வண்டி பிடிக்க ராபர்ட்சன்பேட்டைக்கு ஓடினார். பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் எனக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. டிஸ்பென்சரிக்குத்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்து அடித்த வெள்ளை இன்னும் மங்கவில்லை. அந்தச் சுவரில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தேன். அங்கேயும் துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார். நான் அதை வாங்கிக்கொண்டு, "இருமுங்க. இங்க யாரும் இல்ல" என்றேன்.

இருமுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை.